ஆபீஸ் பைண்டர் ரிவ்யூ: பழைய சிடில ஓபிடி ஃபைல் கெடந்தா இப்பவே பிரிச்சு எடுத்துருங்க

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் பைண்டர இன்னும் ஞாபகம் வச்சிருக்கவங்க கொஞ்ச பேரு தான் இருப்பாங்க, இருந்தாலும் தமிழ்ல அதுக்கு ஒரு முழு ரிவ்யூ வேணும்னு எனக்கு ரொம்ப நாளா மனசுல உண்டு. ஏன்னா பாளையங்கோட்டை கோர்ட்டு பக்கம், ஜங்ஷன், வண்ணார்பேட்டைன்னு தொண்ணூறுகளோட கடைசில டைப்பிங் சென்டர் வச்சிருந்தவுக, வக்கீல் ஆபீஸ்ல வேலை பாத்தவுக, டெண்டர் போட்ட காண்டிராக்டர்மாரு, இவுக வீட்டு பீரோவுல அந்த காலத்து சிடி இன்னும் கெடக்கு. அதுக்குள்ள டாட் ஓபிடின்னு (.obd) முடியுற ஃபைல் இருந்தா அது பைண்டர் ஃபைல், இன்னைக்கு புதுசா வாங்குற கம்ப்யூட்டர்ல டபுள் கிளிக் பண்ணா எதுல தெறக்கன்னு நம்மகிட்டயே திருப்பி கேக்கும். நான் கோர்ட்டு பேப்பர் டைப் பண்ற சென்டர்ல பைண்டர் வச்சே வருஷக்கணக்கா வேலை பாத்தவ, இப்பவும் பழைய ஃபைல பிரிச்சு குடுங்கன்னு ஆள் வாராங்க, அதனால ரெண்டு பக்கமும் தெரிஞ்சு எழுதுதேன். வேலை பாக்க இவ்வளவு வசதியான சாமான் அதுக்கு அப்புறம் வரல, ஆனா பத்திரமா வைக்க அது கொஞ்சமும் லாயக்கில்ல. இந்த ரெண்டையும் சேத்து சொன்னா தான் பைண்டர பத்தி நியாயமா பேசுன மாதிரி இருக்கும்.

தெரியாதவங்களுக்கு மொதல்ல இது என்னன்னு சொல்லிருதேன். 1995ல விண்டோஸ் 95 வந்த கையோட ஆபீஸ் 95 வந்துச்சுல்லா, அதுல வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட் கூட பைண்டர்னு தனியா ஒரு புரோகிராமும் உண்டு. ஆபீஸ் 97லயும் இருந்துச்சு, 2000லயும் இருந்துச்சு, 2001ல ஆபீஸ் எக்ஸ்பி வந்தப்ப எடுத்துட்டாங்க. வேலை என்னன்னா ஒரே ஃபைலுக்குள்ள வேர்டு டாக்குமெண்டு, எக்ஸெல் ஷீட்டு, பவர்பாயிண்ட் ஸ்லைடு எல்லாத்தையும் அடுக்கி வைக்கலாம். இடது பக்கம் ஒரு பட்டை, அதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஐகான், அத செக்‌ஷன்னு சொல்லுவாங்க. வேர்டு செக்‌ஷன கிளிக் பண்ணா அதே ஜன்னல்ல வேர்டு மெனு வந்து நிக்கும், எக்ஸெல் செக்‌ஷன கிளிக் பண்ணா மெனு எக்ஸெல்லா மாறிரும், ஃபைல் மெனு மட்டும் எப்பவும் பைண்டரோடது. ஐகான மேலயும் கீழயும் இழுத்து வரிசைய மாத்திக்கலாம். ஏற்கனவே இருக்க ஃபைல உள்ள கொண்டு வரலாம், வேண்டாத செக்‌ஷன மறைச்சு வைக்கலாம். உள்ள இருக்கும்போது சில கட்டளை வராது, அப்ப வியூ அவுட்சைடுன்னு குடுத்தா அந்த செக்‌ஷன் மட்டும் தனி ஜன்னல்ல அதோட சொந்த புரோகிராம்ல தெறக்கும், வேலைய முடிச்சு மூடுனா மறுபடி உள்ள வந்து உக்காந்துக்கும்.

இத யாருக்கு நெனச்சு செஞ்சாங்களோ எனக்கு தெரியாது, எங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருந்துச்சு. ஐகோர்ட்டுக்கு மேல்முறையீடு போகுதுன்னா டைப் செட் போடணும். மொதல்ல இண்டெக்ஸ், அப்புறம் அஃபிடவிட்டு, மனு, கீழ்க்கோர்ட்டு தீர்ப்போட நகல், பத்திர நகல், சர்வே நம்பர் பட்டியல், கணக்கு ஏதாச்சும் இருந்தா கணக்கு, எல்லாத்துக்கும் பக்க எண் 1ல இருந்து கடைசி வரைக்கும் ஓட்டமா வரணும், நடுவுல விட்டுப்போகவும் கூடாது, ரெண்டு தடவ வரவும் கூடாது. மதுரை கிளை 2004 ஜூலைல தான் தெறந்தாங்க, அதுக்கு முந்தி திருநெல்வேலி ஜில்லா கேஸ் எல்லாம் சென்னைக்கு தான். சாயந்தரம் நெல்லை எக்ஸ்பிரஸ்ல வக்கீல் கட்டோட ஏறணும், பக்க எண் தப்பா இருந்தா அங்க போயி திருத்துறதுக்கு வழியே கெடையாது. வேர்டுல மட்டும் செஞ்சா ஒவ்வொரு ஃபைலுக்கும் எந்த எண்ல ஆரம்பிக்கணும்னு கையால போடணும், மதியம் மூணு மணிக்கு வக்கீல் வந்து அஃபிடவிட்ல இன்னும் ஒரு பாரா சேத்துருங்கம்மான்னு சொல்லி அது ஒரு பக்கம் கூடிருச்சுன்னா பின்னாடி இருக்க அத்தனை ஃபைலையும் தெறந்து எண்ண மாத்தணும். பைண்டர்ல பிரிண்ட் குடுக்குற எடத்துல நம்பரிங் கன்செக்யூட்டிவ்னு ஒரு புள்ளி வச்சா போதும், வேர்டு பக்கம் முடிஞ்ச எடத்துல இருந்து எக்ஸெல் பக்கம் எண்ண புடிச்சுக்கும், அங்க முடிஞ்ச எடத்துல இருந்து அடுத்தது. அத மொத மொத பாத்தப்ப எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் மறக்கல.

97ல இன்னும் ஒண்ணு நல்லா செஞ்சாங்க, பைண்டர் பேஜ் செட்டப்னு ஒரு எடம், அங்கன போயி மேல ஒரு வரி கீழ ஒரு வரி குடுத்தா வேர்டு செக்‌ஷன்லயும் எக்ஸெல் செக்‌ஷன்லயும் ஒண்ணு போல வரும். கேஸ் நம்பர ஒரே தடவ அடிச்சா போதும். வேண்டாத செக்‌ஷன மறைச்சு வச்சா பிரிண்ட்ல அது வராது, பக்க எண்ணும் அதுக்கு ஏத்தபடி ஓடும். காண்டிராக்டர் வேலைக்கும் இது அருமை. கவரிங் லெட்டர் நெட்டுக்குத்தா வேர்டுல, எஸ்டிமேட் அப்ஸ்ட்ராக்ட் படுக்கை வாக்குல எக்ஸெல்ல, ரெண்டும் அது அது வாக்குலயே பிரிண்ட் ஆகும், எக்ஸெல்ல ரேட்ட மாத்துனா ஃபார்முலா உயிரோட இருக்கதால கூட்டுத்தொகை தானா மாறும். இன்னைக்கு பிடிஎஃப்பா மாத்தி ஒட்டுறோம்லா, அதுல இந்த உயிர் கெடையாது.

குறையையும் சொல்லணும், நெறைய உண்டு.

இண்டெக்ஸ் தானா வராது. பக்க எண் அது போடும், ஆனா எந்த டாக்குமெண்டு எந்த பக்கம்னு எல்லா செக்‌ஷனையும் பாத்து ஒரு பட்டியல் எடுத்து தராது, அத நாம தான் கணக்கு பாத்து டைப் பண்ணணும். அதே மாதிரி தேடி மாத்துறதும் ஒரு செக்‌ஷனுக்குள்ள மட்டும் தான். மனுதாரர் பேர்ல ஒரு எழுத்து மாறுனா ஒவ்வொரு செக்‌ஷனா போயி மாத்தணும், ஸ்பெல்லிங் பாக்குறதும் அப்படியே. அந்த காலத்து மெஷின்ல 16 எம்பி 32 எம்பி ரேம் தான் இருக்கும், வேர்டுக்கும் எக்ஸெல்லுக்கும் மாறி மாறி கிளிக் பண்ணா ரெண்டு புரோகிராமும் ஒண்ணா நினைவகத்துல ஏறும், ஹார்டு டிஸ்க் கரகரன்னு ஓடும், நாம காத்துக்கிட்டு உக்காந்துருக்கணும். ஃபிளாப்பி 1.44 எம்பி தான். ஸ்கேன் பண்ண பத்திரம் ஒண்ணு ரெண்டு உள்ள சேத்தா ஃபைல் ஃபிளாப்பிக்குள்ள அடங்காது, தனித்தனியா இருந்தா நாலு ஃபிளாப்பில பிரிச்சு போடலாம், பைண்டர்ல எல்லாம் ஒரே கட்டு. எல்லாத்தையும் விட பெரிய குறை, ஒரே ஃபைல்ங்கறதால அது கெட்டா எல்லாமே சேந்து கெட்டுது. சிடில ஒரு கீறல் ஃபைலோட தலைப்பகுதில விழுந்துச்சுன்னா மத்த செக்‌ஷன் எல்லாம் உள்ள நல்லபடியா இருந்தாலும் பைண்டர் தெறக்காது.

ஏன் அப்படின்னா அந்த ஃபைலோட அமைப்பு அப்படி. அடுக்கு டிபன் கேரியர் மாதிரி, வெளிய ஒரே சாமான், உள்ள தட்டு தட்டா வேர்டு ஒரு தட்டுல, எக்ஸெல் ஒரு தட்டுல. இதுக்கு காம்பவுண்ட் ஃபைல்னு பேரு. பழைய டாட் டாக், டாட் எக்ஸெல்எஸ், டாட் பிபிடி எல்லாமே இதே அமைப்பு தான், அதனால ஃபைலோட பைட்ட அப்படியே காட்டுற ஹெக்ஸ் வியூவர்ல தெறந்து பாத்தா எல்லாத்துக்கும் ஆரம்பம் டி0 சிஎஃப் 11 ஈ0ன்னு ஒண்ணு போலவே இருக்கும், எது பைண்டர் எது வேர்டுன்னு அத வச்சு மட்டும் சொல்ல முடியாது. எந்த எந்த தட்டு எங்க இருக்குன்னு ஃபைலோட ஒரு மூலைல ஒரு அட்டவணை எழுதி வச்சிருக்கும், அந்த அட்டவணை போச்சுன்னா தட்டு இருந்தும் எடுக்க வழி தெரியாது. இன்னொரு விஷயம், பைண்டர்க்குள்ள வேர்டு வந்து வேலை பாக்குற அந்த நுட்பத்துக்கு ஆக்டிவ் டாக்குமெண்ட்னு பேரு, அதே நுட்பத்த வச்சு தான் 1996ல வந்த இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 3க்குள்ளயே வேர்டு டாக்குமெண்டு தெறந்துச்சு. நுட்பம் பைண்டர விட ரொம்ப நாள் வாழ்ந்துச்சு, பைண்டர் மட்டும் போயிருச்சு.

.obd மாதிரியே தெரியுற இன்னும் ரெண்டு உண்டு. .obtன்னு முடிஞ்சா அது டெம்ப்ளேட்டு, அதாவது மாதிரி படிவம். கடைசில இசட் (.obz) இருந்தா அது விசார்டு. டெம்ப்ளேட்ட தூக்கி போட்டுராதீங்க, எங்க பக்கம் நெறைய பேரு டெம்ப்ளேட்லயே உண்மையான கேஸ் விவரத்தையும் அடிச்சு அப்படியே சேவ் பண்ணி வச்சிருக்காவ.

இப்ப பிரிக்குற கதைக்கு வாரேன், இதுக்கு தான் முக்கியமா எழுதுதேன். ரிடையர் ஆன ஒரு வக்கீல் சார் பழைய சிடி ஒண்ணு கொண்டு வந்தாரு, அம்பாசமுத்திரம் பக்கம் நஞ்சை நெலத்துக்கு நடந்த பாகப்பிரிவினை கேஸ், இப்ப வாரிசுக மறுபடி கேக்காவளாம். "ஏம்மா, கட்டு முழுசும் வேண்டாம், அந்த வருமான கணக்கும் சர்வே நம்பர் பட்டியலும் கெடச்சா போதும்"னாரு. "இருங்க சார், பாத்து சொல்லுதேன்"னு சொல்லி வாங்கி வச்சேன். நல்லபடியா கெடச்சுது. நான் செய்யுற முறை இது தான்.

மொதல்ல சிடில இருந்து ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி எடுங்க, சிடில வச்சே தெறக்க பாக்காதீங்க. எழுதுன சிடி வருஷம் ஆக ஆக படிக்க சிரமப்படும், படிக்குற ஒரு தடவைய காப்பிக்கு செலவு பண்ணுங்க. பழைய விண்டோஸ்ல சிடில இருந்து காப்பி எடுத்தா ஃபைல் ரீட் ஒன்லியா வந்து நிக்கும், ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ்ல அந்த டிக்க எடுத்துருங்க. அப்புறம் ஆபீஸ் 97 அல்லது 2000 இருக்க ஒரு பழைய மெஷின் வேணும், ஒரிஜினல் சிடி வீட்ல இருந்தா தூக்கி போடாதீங்க. பழைய மெஷின் இல்லன்னா கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டுற விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதுக்குள்ள விண்டோஸ் எக்ஸ்பிய ஏத்தி அங்கன ஆபீஸ் போடலாம், நான் இப்ப அப்படி தான் வச்சிருக்கேன், எந்த தொந்தரவும் இல்லாம ஓடுது. ஆபீஸ் போடும்போது கஸ்டம் இன்ஸ்டால் எடுத்து பைண்டர்க்கு டிக் இருக்கான்னு கட்டாயம் பாருங்க, சும்மா நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போயிட்டு அப்புறம் பைண்டரே காணோம்னு தேடாதீங்க.

ஃபைல் தெறந்த ஒடனே பிரிக்க போயிராதீங்க. இடது பக்க பட்டைல எந்த செக்‌ஷன் எந்த வரிசைல இருக்கு, எது மறைச்சு வச்சிருக்கு, எல்லாத்தையும் ஒரு நோட்பேடுல எழுதிக்கோங்க. செக்‌ஷன் 1, செக்‌ஷன் 2ன்னு பேரே வைக்காம விட்டுருந்தா அங்கனயே நல்ல பேரா மாத்திருங்க, முன்னாடி 01, 02ன்னு எண்ணும் போடுங்க, கட்டோட வரிசை ஒரு கேஸ்ல எவ்வளவு முக்கியம்னு கோர்ட்டு வேலை பாத்தவுகளுக்கு சொல்ல வேண்டாம். சேவ் பண்ணி மூடிட்டு விண்டோஸ் எக்ஸ்புளோரர்ல ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணா அன்பைண்ட்னு வரும், அத குடுத்தா அதே ஃபோல்டர்ல ஒவ்வொரு செக்‌ஷனும் தனி தனி டாக், எக்ஸெல்எஸ், பிபிடியா வந்து விழும். பைண்டர எடுத்துட்டாலும் ஆபீஸ் எக்ஸ்பிக்கு பிரிக்குறதுக்கு மட்டும் ஒரு சின்ன வசதி குடுத்தாங்க, ஆபீஸ் எக்ஸ்பி ஒரிஜினல் சிடி இருக்கவங்க அதையும் பாக்கலாம். அது வரைக்கும் நல்ல காரியம். ஆனா அந்த வசதிய ஒவ்வொரு புது ஆபீஸ்லயும் கூடவே கொண்டு வந்துருக்கணும், மக்கள் ஆறு வருஷம் நம்பி வேலை பாத்த சாமானுக்கு அது கூட செய்யலன்னா எப்படி, இதுல எனக்கு இன்னைக்கும் வருத்தம் உண்டு.

பழைய மெஷினும் இல்ல, ஒண்ணும் இல்லன்னா ஸிப் ஃபைல் பிரிக்குற 7-ஸிப்ல தெறந்து பாருங்க, காம்பவுண்ட் ஃபைல அது படிக்கும். உள்ள தட்டு இருக்கா, ஃபைலுக்கு உயிர் இருக்கான்னு தெரிஞ்சுக்க அது போதும். ஆனா அதுல இருந்து வெளிய இழுத்தா வேர்டு டாக்குமெண்டா வராது, துண்டு துண்டா தான் வரும், ஒட்டுறது லேசுப்பட்ட வேலை இல்ல. லிப்ரே ஆபீஸ் ஓபிடிய தெறக்காது, பிரிச்ச பிறகு வர்ற டாக், எக்ஸெல்எஸ்ஸ நல்லா தெறக்கும். இப்ப இருக்க புது வேர்டு, வேர்டு 95 காலத்து ஃபைல பாத்தா தடுத்து நிக்கும், டிரஸ்ட் சென்டர்ல ஃபைல் பிளாக்னு ஒரு எடம் உண்டு, அங்க போயி தளத்தி விடணும். பவர்பாயிண்ட் 95 ஃபைல புது பவர்பாயிண்ட் தெறக்கவே தெறக்காது, அதனால பழைய மெஷின்ல இருக்கும்போதே 97 ஃபைலா சேவ் பண்ணிருங்க, மறந்துட்டா மறுபடி மொதல்ல இருந்து.

இதுக்கு அப்புறம் தான் நம்ம ஊரு ஃபைலுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. எல்லா கம்ப்யூட்டர்லயும் தமிழ் ஒண்ணு போல தெரிய வைக்குற யூனிகோடு அந்த காலத்துல நம்ம பக்கம் பொழக்கத்துல கெடையாது, வானவில் ஒருத்தர், பாமினி ஒருத்தர், டாம், டாப், டிஸ்கின்னு எழுத்துரு ஆளுக்கு ஒண்ணு. பிரிச்ச ஃபைல தெறந்தா தமிழ் எடத்துல எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமா தெரியும், பாத்து பயந்து ஃபைல் கெட்டுப்போச்சுன்னு அழிச்சுராதீங்க, எழுத்துரு இல்லாததால அப்படி தெரியுது, அவ்வளவு தான். அதே எழுத்துருவ போட்டா எழுத்து வந்துரும். யூனிகோடுக்கு மாத்த நியூ ஹொரைசன் மீடியாவோட என்ஹெச்எம் கன்வெர்ட்டர் இருக்கு, எனக்கு இத்தனை வருஷமும் அது தான் கை குடுக்குது. ஆனா கண்ண மூடிக்கிட்டு முழு டாக்குமெண்டையும் அதுல ஊத்தாதீங்க. டாப், டிஸ்கில தமிழும் ஆங்கிலமும் ஒரே எழுத்துருல தனி தனி எடத்துல இருக்கும், அதனால மாத்தும்போது ஆங்கிலம் தப்பிச்சுரும். பாமினி, வானவில்ல ஆங்கில எழுத்தோட எடத்துலயே தமிழ உக்கார வச்சிருக்காங்க, அத மாத்தும்போது நடுவுல இருக்க ஆங்கில வார்த்தையும் தமிழா மாறி குழம்பிரும். பேங்க் பேரு, கேஸ் நம்பர்ல வர்ற ஓஎஸ், ஏஎஸ், எஸ்ஏ இது எல்லாம் போயிரும். பாரா பாராவா எடுத்து மாத்துங்க, எக்ஸெல்ல தமிழ் இருக்க நெடுக்கு வரிசைய மட்டும் எடுத்து மாத்துங்க. முடிச்ச பிறகு பழைய பிரிண்ட் இருந்தா பக்கத்துல வச்சு ஒரு தடவ ஒத்து பாக்கணும், சொத்து விவரத்துல வடக்கு எல்லை தெற்கு எல்லை மாறுனா அது விளையாட்டு காரியம் இல்ல.

பைண்டர்க்கு பதிலா இன்னைக்கு என்ன இருக்குன்னு கேப்பீங்க. வேர்டுல மாஸ்டர் டாக்குமெண்டு இருக்கு, உள்ள வேர்டு மட்டும் தான், ஃபோல்டர நகத்துனா இணைப்பு அத்துப்போகும். லிப்ரே ஆபீஸ்ல டாட் ஓடிஎம்னு மாஸ்டர் டாக்குமெண்டு இருக்கு, அது ரைட்டர் (அதுல வேர்டு மாதிரி இருக்க புரோகிராம்) ஃபைல கோக்குறதுக்கு நல்லது, பக்க எண் ஓட்டமா வரும், உள்ளடக்க பட்டியலும் எடுத்து தரும், அந்த விஷயத்துல பைண்டர விட மேல, ஆனா எக்ஸெல்ல எக்ஸெல்லாவே உள்ள வைக்க முடியாது. 2008ல அக்ரோபாட் 9 கூட பிடிஎஃப் போர்ட்ஃபோலியோன்னு ஒண்ணு வந்துச்சு, எந்த ஃபைலையும் உள்ள போடலாம், ஆனா அதோட முகப்பு ஃபிளாஷ்ல ஓடுனது, ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31ஓட கதை முடிஞ்சுது, அதனால அதையும் பைண்டர் வரிசைல தான் வைப்பேன். இப்ப நான் செய்யுறது என்னன்னா ஒவ்வொரு டாக்குமெண்டையும் அது அதுலயே முடிச்சு பிடிஎஃப் எடுத்து பிடிஎஃப்சாம்ல கோத்து மொத்தத்துக்கும் பக்க எண் போட்டுருதேன், இ-ஃபைலிங்குக்கும் பிடிஎஃப் தான கேக்காவ. வேலை நடக்குது. ஆனா கடைசி நேரத்துல ஒரு பாரா கூடுச்சுன்னா மறுபடி பிடிஎஃப், மறுபடி கோக்கணும், மறுபடி எண். அந்த எடத்துல ஒவ்வொரு தடவையும் பைண்டர் ஞாபகம் வருது.

மார்க் போடணும்னா வேலை பாக்குற சாமானா 10க்கு 8 குடுப்பேன், இண்டெக்ஸ் எடுத்து தந்துருந்தா 9. ஃபைல பத்திரமா வைக்குற சாமானா 10க்கு 2, அதுவும் அந்த அன்பைண்ட் இருக்கதுக்காக.

பிரிச்சு முடிச்ச பிறகு ஒரிஜினல் ஓபிடிய அழிக்காதீங்க. ஒரு ஃபோல்டர்ல அதையும் வைங்க, பக்கத்துல பிரிச்ச ஃபைல், மாத்துன ஃபைல், பிடிஎஃப், வரிசை எழுதுன நோட்பேடு எல்லாத்தையும் வைங்க, எந்த எழுத்துருல இருந்து மாத்துனீங்கன்னும் அந்த நோட்பேடுலயே எழுதி வைங்க. பென் டிரைவ்ல ஒண்ணு, வேற எடத்துல ஒண்ணு. உங்ககிட்ட ஓபிடி ஃபைல் இருந்து பிரிக்க வழி தெரியலன்னா எந்த ஆபீஸ்ல செஞ்சது, எந்த எழுத்துரு, இந்த ரெண்டையும் எழுதுங்க, எனக்கு தெரிஞ்சத சொல்லுதேன்.